அதே சரக்குச் செய்பவரின் படலையைத் தட்டுவது

நான்காம் அத்தியாயம்

மண்கும்பானில் இருந்துகொண்டு பனைப்பொருள் செய்து விற்கலாம் என்று யோசிக்கிறீர்கள். அதையே ஏற்கனவே செய்பவர்கள் வேலணையிலும் புங்குடுதீவிலும் இருக்கிறார்கள். ஒருவேளை உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வழமையாக அவர்களுக்குத் தெரியாமல் தொடங்கி, முதல் பக்கெற் கடையில் தொங்கிய பிறகே வெளியே காட்டுவார்கள். ஊரில் அது ஒரு பின்னேரத்துக்கு மேல் ரகசியமாக இராது. முதலிலேயே போய்ச் சொல்லிவிட்டு அவர்களிடமே கற்றுக்கொள்வது மலிவு. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

தீவகத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990இல் தீவகத்து மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். திரும்பியவர்கள் வேறு வேறு ஆண்டுகளில் திரும்பினார்கள். பலர் திரும்பவே இல்லை. தாயிடமிருந்து மகளுக்குப் போகவேண்டிய கைப்பழக்கம் பல வீடுகளில் நடுவழியில் அறுந்துவிட்டது. இன்று அந்தப் பக்குவம் தெரிந்தவர் உங்கள் அம்மம்மாவாக இருக்கவேண்டும் என்றில்லை. உங்களுக்குப் போட்டியாக நிற்கப்போகும் அயல்வீட்டு அக்காவாக இருக்கலாம்.

முதலில் பொருளைக் குறுக்குங்கள்

"பனைப்பொருள்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு யாரிடமும் போகாதீர்கள். எல்லாவற்றையும் செய்யப்போகிறவரைக் கண்டால் எல்லாரும் பயப்படுவார்கள். ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

பனங்கட்டிக்குக் கருப்பநீர் வேண்டும். கருப்பநீருக்கு மரம் ஏறுகிறவர் வேண்டும். அவரோ பெரும்பாலும் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினராக இருப்பார். சங்கத்தைத் தாண்டிப் போய் அவரை இழுப்பது நல்ல தொடக்கமல்ல. பனாட்டுக்கு ஆடி, ஆவணியில் பழம் விழும் சில வாரங்களே பருவம். ஈயும் மழையும் சேர்ந்துவிட்டால் காயப்போட்ட பாய் முழுவதும் வீண். ஓலை வேலை ஆண்டு முழுவதும் உண்டு, ஆனால் விரல் பழக வேண்டும்.

தொடக்கக்காரருக்கு நான் புழுக்கொடியலைத்தான் சொல்வேன். பனங்கிழங்கை அவித்து, தோலுரித்து, கிழித்து, வெயிலில் காயவைப்பதுதான் வேலை. நன்றாகக் காய்ந்தால் மாதக்கணக்கில் இருக்கும். மண்கும்பானின் மணல் கிழங்குப் பாத்திக்கு வாய்ப்பானது. கிழங்கு தடையின்றி நேராக இறங்கும். ஆனால் மணல் இருக்கும் இடத்தில் பாத்தி போடுங்கள். பாத்திக்காக வேறிடத்தில் மணல் அள்ளி ஏற்றாதீர்கள். அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதோடு, மணல் அகழ்வு இந்த ஊரின் நன்னீரை என்ன செய்தது என்பதை ஊராருக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி வருவதெல்லாம் புழுக்கொடியலை வைத்துச் சொல்வது. வேறு பொருள் என்றால் மாதங்களை மாற்றிக்கொள்ளுங்கள், வரிசை அதுவேதான்.

படி 1: யார் யார் என்று எழுதுங்கள்

ஒரு கொப்பியில் மூன்று பக்கம் ஒதுக்குங்கள்.

முதல் பக்கத்தில் நடந்து போகும் தூரத்தில் செய்பவர்கள்: மண்கும்பான், அல்லைப்பிட்டி, வேலணை. இரண்டாம் பக்கத்தில் உங்கள் வாங்குநரையே எதிர்பார்த்து நிற்பவர்கள். நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் போகிறவர்கள், நெடுந்தீவுக்குப் போகிறவர்கள், எல்லாரும் பண்ணைப் பாலம் கடந்து மண்கும்பான் வழியாகத்தான் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போகிறார்கள். ஆகவே வழியோரக் கடைகள், இறங்குதுறைக் கடைகள், நயினாதீவுக் கோயிலடிக் கடைகள் எல்லாம் இந்தப் பக்கத்தில் வரும். மூன்றாம் பக்கத்தில் பெரியவர்கள்: பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்கள், யாழ்ப்பாண நகரத்துக் கடைகள்.

இரண்டாம் பக்கத்தில் மிக்சர், பகோடா விற்பவரையும் சேருங்கள். பஸ்ஸில் திரும்பும்போது கொறிக்க ஏதாவது வேண்டும் என்று நினைக்கும் பயணி, உங்கள் பக்கெற்றையும் அவரின் பக்கெற்றையும் ஒரே கையில் எடுத்துத்தான் பார்ப்பார்.

படி 2: வாங்கி, உடைத்து, வைத்துப் பாருங்கள்

பேசப் போகுமுன் பொருளைப் பாருங்கள். இதைச் செய்யாமல் போகிறவரின் கேள்வி வெறுங்கேள்வியாக இருக்கும். கேட்கப்படுபவர் அதை உடனே கண்டுகொள்வார்.

1. ஒவ்வொருவரிடமும் இரண்டு பக்கெற் வாங்குங்கள். காசு கொடுத்து, விலை பேசாமல்.
2. வீட்டில் நிறுத்துப் பாருங்கள். பக்கெற்றில் எழுதிய நிறையும் தராசு காட்டும் நிறையும் ஒன்றா? 100 கிராமுக்கு என்ன விலை வருகிறது?
3. ஒரு துண்டை முறியுங்கள். நன்றாகக் காய்ந்தது சத்தத்தோடு முறியும். வளைந்தால் ஈரம் இருக்கிறது.
4. தும்பு எவ்வளவு, நடுத்தண்டு எடுக்கப்பட்டிருக்கிறதா, நிறம் வெளிறியதா கறுத்ததா, உப்பும் மிளகாயும் சேர்த்ததா என்று எழுதுங்கள்.
5. ஒரு பக்கெற்றைத் திறந்து சமையலறைத் தட்டில் வையுங்கள். மற்றதைத் திறக்காமல் வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பாருங்கள்: நமத்ததா, பூஞ்சணம் பிடித்ததா, துளை விழுந்ததா.

இந்தக் கொப்பி உங்களுக்கு மட்டும். இன்னாருடைய பக்கெற்றில் பூச்சி கண்டேன் என்று வெளியே ஒரு சொல் போனால், அடுத்த படிக்குப் போக வழியில்லை.

குறிப்பு: எல்லாருடைய பொருளிலும் ஒரே குறை இருந்தால், அதுதான் உங்களுக்கான இடம். எல்லாரும் பெரிய பக்கெற்றில் மட்டும் விற்கிறார்களா? வழிநெடுகக் கொறிக்கச் சின்னப் பக்கெற் செய்யலாம். நயினாதீவுக்கு வரும் சிங்கள யாத்திரிகர்களுக்குப் பெயர் வாசிக்க முடியாமல் இருக்கிறதா? சிங்களத்திலும் எழுதலாம். அப்படிச் செய்தால் பக்கத்து வீட்டாரின் வாங்குநரை நீங்கள் பறிக்கவும் இல்லை.

படி 3: படலையைத் தட்டுங்கள்

எப்போது போவது என்பதுதான் இதில் பாதி. ஆவணி, புரட்டாதியில் விதை அடுக்கிப் பாத்தி போடும்போது ஒருமுறை. தை, மாசியில் கிழங்கு கிண்டி அவிக்கும்போது ஒருமுறை. இரண்டும் வேறு வேறு பாடம். பாத்தி போடும் காலத்தைத் தவறவிட்டவர் மாசியில் போய்ப் பாதியைத்தான் பார்ப்பார். அந்த ஆண்டு விலைக்குக் கிழங்கு வாங்கி அவிக்கலாம், பாத்தியை அடுத்த ஆவணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுப்பில் கிடாரம் ஏறியிருக்கும் நேரம் கதைக்கப் போகாதீர்கள். வேலை முடிந்த பின்னேரம் போங்கள். முதல்முறை அறிமுகமானவர் ஒருவரோடு போவது நல்லது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருவரையும் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருப்பார்.

முதல் வசனத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள். வாங்க வந்தவர் போல நடித்துக் கேள்வி கேட்பதுதான் நான் கண்ட தவறுகளில் மோசமானது. இப்படிப் பேசலாம்:

"அக்கா, நானும் இந்த முறை கொஞ்சம் புழுக்கொடியல் போட்டுப் பாக்கப்போறன். உங்கட பக்கெற் ஒண்டு வாங்கினனான், ரெண்டு கிழமை திறந்து வச்சும் நமத்துப் போகேல்லை. என்னெண்டு காயப்போடுறனீங்கள்?"

"வெயில் மட்டும் காணாது பிள்ளை. பின்னேரம் பனி விழ முந்தி அள்ளி உள்ளுக்கு வைக்கவேணும்."

இந்தக் கேள்வியில் அவருடைய பொருள் நல்லது என்பதும், நீங்கள் வாங்கிப் பார்த்தீர்கள் என்பதும், உங்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று என்பதும் வந்துவிடுகின்றன. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். இரண்டாவது கேள்வி இருந்தால் இன்னொரு நாள் போக ஒரு சாட்டு இருக்கிறது.

கேட்கலாம்: எந்த மாதத்தில் மழை கெடுத்தது, விதையை எவ்வளவு நெருக்கமாக அடுக்குவது, எலியை எப்படித் தடுப்பது, பொலித்தீன் உறை எங்கே மலிவு, சந்தைக்கு மூட்டையை எந்த பஸ்ஸில் ஏற்றலாம். கேட்கக்கூடாதவை: உப்பு மிளகாய்க் கணக்கு, கனடாவுக்கும் லண்டனுக்கும் யார் மூலம் அனுப்புகிறார், எவ்வளவு மிச்சம் வருகிறது. அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், கொப்பியை அப்போது வெளியே எடுக்காதீர்கள்.

படி 4: வெறுங்கையோடு போகாதீர்கள்

புதியவரிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. கிழங்கு உரிக்கும் நாட்களில் ஒரு சோடிக் கை பெரிய உதவி. உரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் மற்றவர் கதைக்கவும் கதைப்பார். சிங்களம் எழுதத் தெரிந்தால் லேபலை எழுதிக் கொடுக்கலாம். உங்களிடம் டிஜிற்றல் தராசு இருந்தால் ஒரு நாளைக்குக் கொடுத்து வாங்கலாம். யாழ்ப்பாணம் போகும்போது அவருடைய மூட்டையையும் ஏற்றிச் சென்று கடையில் இறக்கிவிட்டு, காசை அன்றைக்கே கொண்டுவந்து கொடுங்கள். இந்தக் கடைசி ஒன்று மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. காசு நேரத்துக்கு வந்து சேர்கிறது என்று தெரிந்தால், மீதி எல்லாம் தானாக வரும்.

படி 5: ஊருக்கு வெளியே எங்கே சந்திப்பது

கைதடியில் பனை அபிவிருத்திச் சபையின் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் பயிற்சிகள் எப்போது என்று சபையிலோ, வேலணைப் பிரதேச செயலகத்திலோ கேளுங்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது ஒரு பங்கு என்றால், பக்கத்தில் இருப்பவரிடம் தேநீர் இடைவேளையில் கேட்பது இரண்டு பங்கு. அங்கே வருகிறவர் பலரும் உங்கள் வாங்குநரைத் தொடாத தூரத்தில் செய்பவர்கள். பக்கத்து ஊரார் மறைக்கும் விஷயத்தை வடமராட்சியிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வந்தவர் கூச்சமின்றிச் சொல்வார்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் கோயில் வீதிக் கடைகளில் கொஞ்சம் நில்லுங்கள். விற்பதற்கு முந்திய ஆண்டு பார்ப்பதற்காகவே போகலாம்: எந்த அளவுப் பக்கெற் முதலில் முடிகிறது, சுவைக்கத் துண்டு கொடுப்பவரிடம் கூட்டம் எவ்வளவு, மழை வந்தால் சரக்கை எப்படி மூடுகிறார்கள். கூட்டம் குறைந்த மதியத்தில் கதையுங்கள். மாலைப் பூசை நேரத்தில் கடைக்காரரை மறிக்காதீர்கள்.

நயினாதீவு அம்மனின் ஆனித் திருவிழாவைத் தனியாகச் சொல்லவேண்டும். உங்கள் வீட்டு வாசலால் போகும் கூட்டம் அது. ஆனால் முதல் ஆண்டிலேயே இறங்குதுறையில் இடம் பிடிக்கப் போய் நிற்காதீர்கள். அங்கே ஆண்டாண்டாக நிற்கும் ஒருவரின் கடைக்கு உங்கள் பக்கெற்றுகளைக் கொடுத்து, அவர் விற்றுத் தரட்டும். அவருக்குக் கழிவு, உங்களுக்கு அனுபவம்.

படி 6: சேர்ந்து செய்யக்கூடியவை

ஒரு பருவம் முடிந்தபின், உங்களுக்கும் இரண்டு மூன்று பேருக்கும் இடையே பழக்கம் வந்திருக்கும். அப்போது கூட்டுக் கம்பெனி, பொதுப் பெயர் என்று பெரிதாகத் தொடங்காதீர்கள். இந்த வரிசையில் போங்கள்:

1. உறையும் லேபலும் சேர்ந்து வாங்குவது. மொத்தமாக எடுத்தால் ஒவ்வொருவருக்கும் விலை குறையும்.
2. ஒரே வாகனத்தில் நகரத்துக்கு அனுப்புவது.
3. மிஞ்சிய ஓடரைக் கைமாற்றுவது. விடுமுறைக்கு வந்தவர் பத்துக் கிலோ கேட்கிறார், உங்களிடம் நான்குதான் இருக்கிறது. மீதியை அக்காவிடம் வாங்கி, அவர் பெயர் போட்ட பக்கெற்றாகவே கொடுங்கள்.
4. கண்காட்சியில் ஒரு கடையை இரண்டு பேர் எடுப்பது.

இதற்கு யாழ்ப்பாணத்திலேயே பழைய முன்மாதிரி உண்டு. தீவகத்திலும் வலிகாமத்திலும் விளைந்த புகையிலை மலையாளக் கரைக்குக் கப்பல் ஏறிய காலத்தில், ஒருவருக்கொருவர் போட்டியாக நின்ற தோட்டக்காரர் 1930களில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கமாகச் சேர்ந்தார்கள். தனித்தனியாக விற்றால் விலையை வாங்குபவர்தான் சொல்வார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டில் கோவில்பட்டியைப் பாருங்கள். ஒரே ஊரில் ஒரே கடலைமிட்டாயைச் செய்து விற்பவர்கள். நாள் முழுவதும் போட்டி. ஆனால் உற்பத்தியாளரும் சில்லறை வியாபாரிகளும் ஒரு சங்கமாக நின்று, 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு பெற்றார்கள். இனி வெளியூர்க்காரர் அந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாது. கடைக்குக் கடை போட்டி இன்னும் இருக்கிறது. 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் அந்தக் குறியீடு கிடைத்தது. இலங்கையில் சிலோன் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது. தீவகத்துப் புழுக்கொடியலுக்கு அப்படி ஒன்று வரவேண்டுமானால் அதைத் தனியொருவர் கேட்டு வாங்க முடியாது.

ஒன்றில் மட்டும் சேராதீர்கள். கிழங்கு கிண்டுகிறவருக்கும் உரிக்க வருகிற பெண்களுக்கும் இதற்கு மேல் கூலி கொடுப்பதில்லை என்று முதலாளிகள் எல்லாரும் கூடிப் பேசுவது தொழில் நட்பு அல்ல. விற்கும் விலையை எல்லாரும் ஒன்றாக ஏற்றுவதும் அப்படித்தான். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் போட்டிக்கு எதிரான நடைமுறைகளை விசாரிக்க இடம் தருகிறது.

வழமையாக நடக்கும் தவறுகள்

விலையை உடைத்து நுழைவது. அக்கா விற்கும் விலையில் கால்பங்கு குறைத்தால் முதல் மாதம் விற்கும். பிறகு உறை விலை ஏறும்போது உங்களால் ஏற்ற முடியாது. அதற்குள் உங்களோடு கதைக்கவும் யாரும் இருக்கமாட்டார்கள். அதே விலைக்கு வேறு அளவில் விற்பது பாதுகாப்பு.

லேபலைப் பார்த்து வரைவது. நிறம், படம், எழுத்து எல்லாம் சாயலாக இருந்தால் வாங்குநர் குழம்புவார், மற்றவர் கொதிப்பார். பதிவுசெய்த குறியாக இருந்தால் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வேறு இருக்கிறது.

ஓரிடத்தில் கேட்டதை மற்ற இடத்தில் சொல்வது. "அவையள் அப்பிடித்தான் அவிக்கினம்" என்று வாய் தவறிச் சொன்னால், கேட்டவருக்கு உடனே ஒன்று புரியும்: நாளை தன்னுடையதும் இப்படித்தான் வெளியே போகும்.

வேலையாளை இழுப்பது. ஒரு நாள் கூலியில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து அடுத்த வீட்டின் கைதேர்ந்தவரை எடுத்தால், அந்த வீட்டோடு கதை முடிந்தது. அவராகவே வேலை கேட்டு வந்தால், முதலில் பழைய வீட்டாரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கொடுத்த வாக்குக்கு எழுத்து இல்லாமல் இருப்பது. இது நல்லவர்களுக்கிடையில்தான் அதிகம் நடக்கிறது.

பாதுகாப்பு

காசு: மற்றவரின் சரக்கை விற்க எடுத்தால் திகதி, எண்ணிக்கை, ஒன்றின் விலை, கழிவு, விற்காதது எப்போது திரும்பும் என்று இரண்டு பிரதி எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். உறவினர் என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

உணவு: மற்றவரிடம் வாங்கி உங்கள் பெயரில் உறையிட்டு விற்காதீர்கள். பூஞ்சணம் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பூஞ்சணம் கண்டதைத் துடைத்து வெயிலில் போட்டு விற்கும் பழக்கத்தை யார் சொல்லித் தந்தாலும் கற்காதீர்கள், எறிந்துவிடுங்கள். காயவைக்கும் இடம் நிலத்திலிருந்து உயர்ந்த பரணாக, மேலே வலை மூடியதாக இருக்கட்டும். பூச்சிக்கு மருந்து அடிக்கச் சொல்பவரும் இருப்பார். உணவு காயும் இடத்தில் அது கூடாது. அவிக்காத ஒடியல் மா வேறு விஷயம்; அதை ஊறவைத்துக் கசப்பு நீரை இறுத்த பிறகே கூழுக்குப் பாவிக்கிறார்கள். புழுக்கொடியலும் ஒடியலும் ஒன்றென்று நினைத்து வாங்கும் வெளியூரவருக்கு இதை உறையில் எழுதிவிடுங்கள்.

அடுப்பு: உதவிக்குப் போகும் வீட்டில் கிடாரம் இறக்குவதை இருவர் செய்யட்டும். தொங்கும் சேலைத் தலைப்பும் சின்னப் பிள்ளைகளும் அடுப்படியில் வேண்டாம்.

பதிவு: வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்திலும், வியாபார அனுமதியை வேலணைப் பிரதேச சபையிலும் கேளுங்கள். லேபலில் என்ன இருக்கவேண்டும் என்பதை அச்சடிக்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். மற்றவரின் லேபலைப் பார்த்து அதில் உள்ளதே போதும் என்று முடிவு செய்தால் அவருடைய பிழையும் உங்களுடையதாகும்.

ஒருவர் மறுத்தால்

மறுப்பவர் இருப்பார். சிலருக்கு முன்பு கற்றுக்கொண்டு போனவர் செய்த வேலை நினைவில் இருக்கும். வற்புறுத்தாதீர்கள், காரணம் கேட்காதீர்கள். "பரவாயில்லை அக்கா" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கும் ஒரு பக்கெற் வாங்கிக்கொண்டு வாருங்கள். அதே கேள்வியைப் புங்குடுதீவில் கேளுங்கள், அங்கும் இல்லையென்றால் கைதடியில் கேளுங்கள்.

பருவம் முடிந்து உங்கள் முதல் பக்கெற் வந்ததும், மறுத்தவருக்கும் ஒன்று கொடுத்தனுப்புங்கள். தும்பு கூட என்றோ உப்புக் காணாது என்றோ அவர் ஆளிடம் சொல்லியனுப்பினால், அதைக் கொப்பியில் திகதியோடு எழுதி, அடுத்த தடவை அவிக்கும்போது திருத்திப் பாருங்கள்.